ஹாம் ரேடியோ கிளப்புக்கு மொட்டை மாடியைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கடலோரம். நான் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இங்குள்ள ஹாம் ரேடியோ கிளப்பார் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆன்டெனா கட்ட இடம் கேட்கிறார்கள். புயல், வெள்ளக் காலத்தில் தகவல் தொடர்புக்கு உதவுவோம் என்கிறார்கள். எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இது தேவையா? இடம் கொடுப்பதற்கு முன் என்ன விசாரிக்க வேண்டும்? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அந்தக் கிளப்பில் சேர ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா?

பதில்:

இடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சங்கத்தில் தீர்மானம் போடுவதற்கு முன் ஒரு நாள் காலை அவர்கள் நடத்தும் நெட்டில் போய் உட்கார்ந்து கேளுங்கள். நெட் என்றால் குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் உறுப்பினர்கள் எல்லாரும் கூடிப் பேசுவது. எத்தனை ரேடியோ வைத்திருக்கிறார்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குப் பெரிய விஷயமில்லை. அந்த நெட் ஒழுங்காக நடக்கிறதா என்பதைப் பாருங்கள். புயலடித்த மறுநாள் உங்களுக்குக் கை கொடுக்கப் போவது அந்தப் பழக்கம்தான். நானும் உரிமம் வாங்கி, ஒரு கிளப்பில் பல வருஷமாக இருப்பவன். கிளப்புகள் செய்கிற நல்லதையும், அவை தடுமாறுகிற இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், இவர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, சம்பளமோ லாபமோ இல்லாமல் சொந்த ஆர்வத்துக்காக வானொலி நிலையம் வைத்திருப்பவர்கள் ஹாம்கள். ஒவ்வொருவருக்கும் கால்சைன் என்ற அடையாளக் குறி ஒன்று உண்டு. இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். ராஜீவ் காந்தி வி.யு.2.ஆர்.ஜி. என்ற கால்சைனோடு இருந்த ஹாம். இந்த அலைவரிசைகளில் வியாபாரம் பேசக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வெளிப்படையாகத்தான் பேச வேண்டும். போலீஸ் வயர்லெஸ் வேறு. மீனவர்கள் படகில் வைத்திருக்கும் வி.எச்.எஃப். செட் வேறு. அவற்றின் அலைவரிசையில் ஹாம்கள் நுழையக் கூடாது.

இப்போது செல்போன் கேள்விக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததே, அன்றைக்கு டெல்டாவில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. உள்ளூர்க் கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. செல்போன் டவர் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் டீசல் ஜெனரேட்டர். டீசல் கொண்டுவர லாரி வர வேண்டும். சாலையில் மரம் விழுந்து கிடந்தால் லாரி வராது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஒரு பெருநகரத்துக்கே இந்த நிலைமை வந்தது. டவர் நின்றுகொண்டிருந்தாலும் அதைப் பின்னால் இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் எங்காவது அறுந்தால் போதும், உங்கள் போனில் சிக்னல் கோடு தெரியும், கால் மட்டும் போகாது. எல்லாம் நன்றாக இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் போன் அடித்தால் அடைத்துக்கொள்ளும்.

ஹாம் ரேடியோவுக்கு நடுவில் யாரும் தேவையில்லை. இந்த முனையில் ஒரு ஆள், ஒரு பேட்டரி, ஒரு கம்பி; அந்த முனையிலும் அதே. அவ்வளவுதான். அதற்காக இது அரசாங்க ஏற்பாடுகளுக்கு மாற்று என்று எந்தக் கிளப் சொன்னாலும் நம்பாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் வயர்லெஸ் இருக்கிறது, போலீஸிடம் இருக்கிறது, பேரிடர் மீட்புப் படையிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது. ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு. அவரவர் துறைக்குள்தான் பேசிக்கொள்ளும். ஒரு பள்ளிக்கூட முகாமில் 140 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் மூன்று பேருக்கு இன்சுலின் வேண்டும் என்ற தகவல் தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சேருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். அந்த இடைவெளியில்தான் ஹாம்களுக்கு வேலை.

இதற்கு நம் நாட்டில் எல்லாரும் சொல்லும் உதாரணம் அந்தமான். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

அந்தமானிலிருந்து 1987-க்குப் பிறகு பல வருஷம் ஹாம் ரேடியோ ஒலிக்கவே இல்லை. பாதுகாப்புக் காரணங்களால் அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. பாரதி பிரசாத் என்ற ஹாம், வி.யு.2.ஆர்.பி.ஐ. என்பது அவருடைய கால்சைன், விடாமல் முயன்று அனுமதி வாங்கி 2004 டிசம்பரில் ஒரு சிறு குழுவோடு போர்ட் பிளேர் போனார். நோக்கம் முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு. அபூர்வமான தீவிலிருந்து வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் கூப்பிட்டால் உலகம் முழுவதும் இருக்கும் ஹாம்கள் பேசுவதற்குப் போட்டி போடுவார்கள். அப்படித்தான் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் கடலடி நிலநடுக்கம். போர்ட் பிளேரில் அவர் தங்கியிருந்த ஹோட்டலும் ஆடியது. தொலைபேசி போனது, மின்சாரம் போனது. பொழுதுபோக்குப் பேச்சை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு, அந்த அலைவரிசையிலேயே தீவின் நிலைமையை வெளியே சொல்ல ஆரம்பித்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கிலோமீட்டர். நடுவில் கடலைத் தவிர ஒன்றும் கிடையாது. உறவினர்களைப் பற்றித் தெரியாமல் தவித்தவர்களுக்குத் தகவல், நிர்வாகத்துக்குத் தகவல் என்று அடுத்தடுத்த நாட்கள் ஓடின. பிறகு இன்னும் தெற்கே, அலை மிக மோசமாக அடித்த கார் நிக்கோபாரிலும் ஹாம் நிலையம் வைத்தார்கள்.

பேரிடர் வந்ததும் யாரோ கிளம்பிப் போய்ச் செய்தது இல்லை இது. பேரிடர் வந்தபோது அங்கே ஏற்கெனவே ஆன்டெனா நின்றுகொண்டிருந்தது, செட் ஓடிக்கொண்டிருந்தது, உட்கார்ந்திருந்தவருக்கு எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே போகும் என்று விரல் நுனியில் தெரிந்திருந்தது. மறுமுனையிலும் கேட்பதற்கு ஆயிரக்கணக்கான காதுகள் இருந்தன. அதே சுனாமியில் இலங்கையிலும் இதே கதைதான். அந்நாட்டு ரேடியோ சங்கத்தின் விக்டர் குணதிலகவும் நண்பர்களும் ஹம்பாந்தோட்டையை ஷார்ட்வேவ் மூலம் கொழும்போடு இணைத்தார்கள். கார் பேட்டரியில் ஓடும் செட்டுகள்தான். அவர்களும் அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் பொழுதுபோக்காகப் பேசிக்கொண்டிருந்தவர்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒரு கிளப் சும்மா இருக்கும் நாட்களில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அன்றாடம் பேசாத கிளப், ஆபத்து வரும் நாளில் பேசாது.

உங்கள் மாடியில் அவர்கள் எதைக் கட்டப் போகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹாம்கள் பயன்படுத்துவதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று வி.எச்.எஃப்., 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. கையில் பிடிக்கும் சின்ன செட் இதில்தான் பேசும். சுமார் 5 வாட். இந்த அலை நேர்க்கோட்டில் போகும். கட்டடங்கள் நிறைந்த ஊரில் தரையில் நின்று பேசினால் மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டுவது கஷ்டம். உயரமான இடத்தில் ரிப்பீட்டர் என்ற கருவியை வைத்தால் அது வாங்கி மறுபடி அனுப்பும்; சுற்றிலும் முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரம் சுலபமாகக் கிடைக்கும். உங்கள் மாடியைக் கேட்பது அனேகமாக இதற்காகத்தான் இருக்கும்.

இன்னொன்று எச்.எஃப்., அதாவது ஷார்ட்வேவ். இது வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். இதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஷார்ட்வேவ் என்றாலே ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம். தூர தேசத்துக்கு அது சரி. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு, சுமார் 260 கிலோமீட்டருக்குப் பேச வேண்டும் என்றால் உயரமே வேண்டாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கில் கட்டினால் போதும். அலை பக்கவாட்டில் ஓடாமல் செங்குத்தாக மேலே போய், மழை மாதிரி சுற்று வட்டாரம் முழுவதும் இறங்கும். மலையோ கட்டடமோ குறுக்கே நின்றாலும் பரவாயில்லை. புயலில் மரமே சாய்ந்துவிட்டால் இரண்டு மூங்கில் கழி கிடைத்தால் கூட ஒப்பேற்றலாம். கம்பியை விரித்துக் கட்டி, செட்டோடு இணைக்கும் கோ-ஆக்ஸ் கேபிளை இழுத்து, ஆன்டெனா செட்டோடு பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்து நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சரிசெய்து முடிக்கப் பழகிய கைகளுக்கு அரை மணி நேரம் ஆகும். பழகாத கைகளுக்கு முழு நாள் போதாது.

இருட்டிய பிறகு இன்னொரு சிக்கல். பகலில் பக்கத்து மாவட்டத்துக்குத் தெளிவாகக் கேட்ட 7 மெகாஹெர்ட்ஸ் ராத்திரியில் பக்கத்து மாவட்டத்தைத் தாண்டிக் குதித்து எங்கோ தூரத்தில் போய் விழும். அப்போது 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்கு இரண்டு மடங்கு நீளக் கம்பி. இதைத் தெரியாதவர், செட் ரிப்பேர் என்று நினைத்து ராத்திரி முழுக்கத் திருகிக்கொண்டிருப்பார். நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு 7.110, 3.600 இரண்டும் அவசர கால அலைவரிசைகளாக ஹாம்களின் சர்வதேச ஒன்றியம் குறித்து வைத்தவை. உங்கள் கிளப்பாரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொன்னால் நல்ல அறிகுறி.

சரி, நெட்டுக்கு வருவோம். வெளியாள் கேட்டால் சலிப்பாக இருக்கும். நெட் கண்ட்ரோல் என்று ஒருவர் இருப்பார். அவர் வரிசையாகக் கால்சைன் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருவராக வந்து வணக்கம் சொல்லி, சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று சொல்லி, ஒரு வரி பேசிவிட்டு ஒதுங்குவார்கள். வானிலை, வீட்டில் பேத்திக்குக் காய்ச்சல், புதிதாகக் கட்டிய ஆன்டெனா இவ்வளவுதான் பேச்சு. ஆனால் கவனித்துக் கேளுங்கள். கண்ட்ரோல் கூப்பிடாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் முடித்த பிறகு ஓரிரு விநாடி இடைவெளி விடுவார்கள்; அந்த இடைவெளியில் அவசரம் உள்ளவர் "பிரேக்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் உடனே விலகி வழிவிடுவார்கள். இருபது பேர் ஒரே கதவு வழியாக முட்டிக்கொள்ளாமல் போய் வருவதற்கான பயிற்சி இது. இதைப் பழகாத இருபது பேர் கையில் இருபது செட்டைக் கொடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் வெறும் கூச்சல்தான் மிஞ்சும்.

மாதம் ஒரு முறையாவது நல்ல கிளப்புகள் தகவல் பயிற்சி வைக்கும். ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுப்பார்கள்: மேலூர் பள்ளி முகாம், ஆட்கள் 140, குழந்தைகள் 22, குடிநீர் இல்லை, இன்சுலின் தேவை 3 பேருக்கு, நேரம் 16.40. இதை இங்கிருந்து படிக்க வேண்டும். அங்கே ஒருவர் பேனா பிடித்து எழுத வேண்டும். இரைச்சலுக்கு நடுவே முதல் எழுத்து விழுங்கப்படும். மேலூரா வேலூரா? ஆறா நூறா? அதனால் எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்து "ஒன்று, நான்கு, சைபர்" என்று சொல்வார்கள். ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாக "மைக், எக்கோ, லிமா" என்று போவார்கள். எழுதியவர் முழுவதையும் திருப்பிப் படித்துக் காட்டுவார். அனுப்பியவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. தாளில் நேரம், யார் கொடுத்தது, யாருக்கு, யார் வாங்கியது எல்லாம் எழுதி வைப்பார்கள். சுற்றி வளைத்துப் பேசுவது, அனுமானத்தைச் செய்தியாகச் சொல்வது, "நிறைய பேர்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எல்லாம் இந்தப் பயிற்சியில்தான் உதிரும். வாட்ஸ்அப்பில் ஒரு புயல் செய்தி பத்துக் கைமாறி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பேரிடர் மட்டும்தான் சேவை என்றில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மேற்கு வங்க ரேடியோ கிளப். வருஷா வருஷம் ஜனவரி மத்தியில், மகர சங்கராந்திக்கு, ஹூக்ளி ஆறு கடலில் கலக்கும் சாகர் தீவில் கங்காசாகர் மேளா நடக்கும். கபில முனி கோயிலுக்கு நாடெங்கிலும் இருந்து லட்சக்கணக்கில் வருவார்கள். பலர் வயதானவர்கள், தங்கள் ஊர்ப் பேச்சைத் தவிர வேறு மொழி தெரியாதவர்கள். தீவுக்குப் போக முரிகங்கா ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். அந்த நெரிசலில் கூட வந்தவர்களைத் தவறவிட்டால் அவ்வளவுதான், போன் நம்பர் மனப்பாடமாக இருக்காது, ஊர்ப் பெயரைச் சொன்னாலும் மாவட்டம் தெரியாது. இந்தக் கிளப்பின் உறுப்பினர்கள் மேளா முழுக்கச் செட்டோடு நின்று, தவறிப்போனவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். மேளா முடிந்த பிறகும் அது தொடரும். ஆஸ்பத்திரியிலோ தெருவோரத்திலோ யாரென்றே தெரியாமல் கிடக்கும் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் உளறுவதுபோல் சொல்லும் துண்டுத் துணுக்குகளை வைத்து எந்த மாநிலம் என்று யூகித்து, அங்கிருக்கும் ஹாம் நண்பர்களுக்குச் சொல்லி, அவர்கள் மூலம் உள்ளூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். சில நேரம் வீட்டாரே வேண்டுமென்று விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அது கேட்கவே மனசு கனக்கும் விஷயம். இதில் ரேடியோவின் பங்கு பாதிதான். நாடு முழுக்க, ஒருவரை ஒருவர் குரலால் அறிந்த, கூப்பிட்டால் வேலையைப் போட்டுவிட்டு வரக்கூடிய நண்பர்கள் வட்டம்தான் மீதிப் பாதி. அந்த வட்டமும் தினசரி நெட்டில் உருவானதுதான்.

நம் ஊர்ப் பக்கமும் திருவிழா, மாரத்தான், கார் ராலி என்று கிளப்புகள் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. பார்ப்பதற்கு இது ஒரு சின்ன வேலை. ஆனால் ஒரு திருவிழாக் கூட்டத்தில் ஆறு மணி நேரம் நின்று செட் பிடித்தவருக்கு பேட்டரி எப்போது தீரும், எந்தத் தெரு முனையில் சிக்னல் விழாது, போலீஸ்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் புயலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னொரு பழைய சங்கதியும் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பெருமை. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே பிறக்காத காலத்தில், 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று தொடங்கி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பினார்கள். பணம் இல்லாமல் 1927-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930-லிருந்து மாநகராட்சி அதை வைத்து ஊருக்கு ஒலிபரப்பு நடத்தியது. சென்னையில் அரசு வானொலி நிலையம் வந்தது 1938-ல். அதாவது இந்த ஊரில் வானொலியையே கொண்டுவந்தது ஒரு ஆர்வலர் கிளப். அது நலிந்ததும் பணத்தால்தான் என்பதையும் கவனியுங்கள். இன்றைக்கும் கிளப்புகள் சந்தாவில்தான் ஓடுகின்றன. நீங்கள் இலவசமாகக் கொடுக்கும் ஒரு மாடி அவர்களுக்குப் பெரிய விஷயம்.

இனி நீங்கள் விசாரிக்க வேண்டியவை. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், தயக்கமில்லாமல் காட்டுவார்கள். தனிநபர் உரிமம் மட்டும் போதாது, ரிப்பீட்டர் வைப்பதாக இருந்தால் அதற்கான அனுமதியையும் கேளுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீன செட்டை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு தன்னார்வலர் என்று சுற்றுபவர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் அதை வைத்துப் பேசுவது சட்டப்படி குற்றம். அந்த மாதிரி ஆட்களோடு உங்கள் சங்கத்தின் பெயர் சேரக் கூடாது.

அப்புறம், மாவட்ட நிர்வாகத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இது வெறும் சம்பிரதாயத்துக்காக இல்லை. மற்றவர்களுக்காகச் செய்தி அனுப்புவது ஹாம்களுக்குப் பொதுவாகத் தடை. இயற்கைச் சீற்றக் காலத்தில் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. ஆனால் 1978-ம் ஆண்டு விதிகளின்படி அந்தச் செய்திகள் கலெக்டர் போன்ற அதிகாரியிடமிருந்தோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமிருந்தோ வர வேண்டும். புயல் அடித்த பிறகு கலெக்டர் அலுவலக வாசலில் போய் "நாங்கள் ஹாம்" என்று நின்றால் அங்கிருப்பவர்களுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. பருவமழைக்கு முன்பே தாசில்தாருக்கும் வருவாய்த் துறைக்கும் முகம் தெரிந்திருக்க வேண்டும். கிளப்புகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கருவி விஷயத்தில் கெட்டிக்காரர்கள், ஆபீஸ் படி ஏறக் கூச்சப்படுவார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளராக உங்களால் அவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியே இந்த அறிமுகம்தான்.

இன்டர்நெட் வழியாகப் பேசும் எக்கோலிங்க் போன்ற ஏற்பாடுகளை மட்டும் காட்டி, உலகம் முழுக்கப் பேசுகிறோம் பாருங்கள் என்றால் அதில் மயங்காதீர்கள். நல்ல வசதிதான், ஆனால் இன்டர்நெட் போனால் அதுவும் போகும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வைஃபையைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து மாவட்டத்தைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி பற்றியும் கேளுங்கள். 100 வாட் எச்.எஃப். செட் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் சுமார் ஓர் ஆம்பியர்தான் இழுக்கும். முழுத் திறனில் பேசும்போது இருபது ஆம்பியர் வரை போகும். நல்ல பேட்டரி ஒன்று, சின்ன சோலார் பேனல் ஒன்று, அளந்து பேசும் ஆள் ஒருவர் இருந்தால் நாள்கணக்கில் ஓட்டலாம். கடைசியாக எப்போது சார்ஜ் செய்தீர்கள் என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

உங்கள் மகளைத் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். 12 வயது முடிந்தால் தேர்வு எழுதலாம். மின்னணுவியல் அடிப்படையும் விதிமுறைகளும்தான் பாடம். பள்ளி இயற்பியல் தெரிந்த பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை. புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் மோர்ஸ் குறியீடு முதல் நிலைக்கு வேண்டாம், மேல்நிலைக்கு உண்டு. தேர்வு, விண்ணப்பம் எல்லாம் அரசின் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக நடக்கிறது. உரிமம் வருவதற்குப் பல மாதம் ஆகலாம், அதற்குள் பிள்ளை சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடைக்காலத்தில் கிளப்பில் அவளுக்குச் செய்ய நிறைய இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் அதன் ஒலியைப் பிடிக்கலாம். ஒளித்து வைத்த சின்ன டிரான்ஸ்மிட்டரைத் திசை ஆன்டெனாவை வைத்துத் தேடிப் பிடிக்கும் நரி வேட்டை என்ற விளையாட்டு உண்டு. பிள்ளைகள் அதற்காகவே ஓடி வருவார்கள். ஹாம்களுக்காகவே இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. 2014 வரை அது வேலை செய்தது. தன் கையால் சால்டர் செய்த ஆன்டெனாவில் செயற்கைக்கோள் வழியாக ஒரு குரல் திரும்பி வந்ததைக் கேட்ட பிள்ளை சும்மா இருக்காது.

பெண்பிள்ளையை அனுப்புகிறோம் என்ற கவலை இருந்தால் நீங்களும் சில நாள் கூடப் போங்கள், அல்லது வீட்டிலிருந்தே யாராவது ஒருவர் அவளோடு சேர்ந்து தேர்வு எழுதுங்கள். கிளப்புகளில் பெண்கள் குறைவு என்பது உண்மை, அது மாற வேண்டும். கண்பார்வை இல்லாதவர்கள், நடமாட முடியாதவர்கள் இந்தத் துறையில் தேர்ந்த ஆபரேட்டர்களாக இருக்கிறார்கள். உங்கள் குடியிருப்பில் அப்படி யாராவது வீட்டோடு முடங்கியிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக மாடி. இடி தாங்கியும் ஆன்டெனாவுக்குத் தனி எர்த்தும் போட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடலோரம் என்பதால் துரு ஏறாத கம்பி, கிளாம்ப் என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள், வருஷம் ஒரு முறை மழைக்கு முன் இறக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். கதிர்வீச்சு என்று யாராவது பயந்தால், ரிப்பீட்டர் யாராவது பேசும்போது மட்டும் ஒலிபரப்பும் என்பதையும், ஆன்டெனா ஆள் நடமாடும் உயரத்துக்கு மேலே கம்பத்தில் இருக்கும் என்பதையும் நேரில் காட்டிப் புரியவையுங்கள். டி.வி.யிலோ ஸ்பீக்கரிலோ குறுக்கீடு வந்தால் சரிசெய்து தருவது அவர்கள் பொறுப்பு. பெரும்பாலும் வயரில் குறுக்கீட்டைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டினால் தீர்ந்துவிடும். லிஃப்ட் இல்லாமல் படியேறிப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். மாடிச் சாவி வாட்ச்மேனிடம் ஒன்று, கிளப்பில் இரண்டு பேரிடம் ஒவ்வொன்று இருக்கட்டும். அக்டோபருக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பு முழுக்க மெயினை அணைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து ஒரு ஒத்திகை நடத்திவிடுங்கள். உங்கள் ஆட்களில் யார் முகாம் கணக்கு எழுதுவது, யார் அதைக் கிளப்காரரிடம் கொண்டு கொடுப்பது என்பது அன்றைக்கே முடிவாகிவிடும்.